நீச்சல் குளத்துக்கும் தோட்டத்துக்கும் 3டி படம் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா?

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமோ, கோவை, ஓசூர் பக்கமோ பண்ணை வீடு கட்டி, அதில் குளமும் தோட்டமும் போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அழகழகான படங்களைக் காட்டி வேலை பிடிக்கும் ஒருவரிடம் நாங்கள் 11 லட்சம் ரூபாய் கொடுத்தோம். இன்று எங்களிடம் இருப்பது விரிசல் விட்ட ஒரு கான்கிரீட் தொட்டியும் கருகிப்போன புல்லும்தான். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, அதனால் பெயர் போடவில்லை. அவர் வேலை பிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். அதே விதத்தில் வேலை பிடிப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

எங்கள் மனை கோவளத்தைத் தாண்டி இருக்கிறது. மணல் தரை, உப்புக்காற்று, மழைக்காலத்தில் சில அடி தோண்டினாலே ஊற்று. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். தண்ணீருக்குள் நடப்பது நல்லது என்று டாக்டர் சொன்னதால்தான் குளம் என்ற பேச்சே வந்தது. வடிவமைப்பாளரிடம் முதல் நாளே சொன்னோம்: அகலமான படிகள் வேண்டும், கைப்பிடி வேண்டும், ஒரு பக்கம் இடுப்பளவு ஆழம் போதும்.

கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுக் காட்டினார். நடந்து போகிற மாதிரி ஒரு வீடியோ, அப்புறம் பத்துப் பன்னிரண்டு படங்கள். மாலை வெளிச்சம், ஓரம் வழியும் நீலத் தண்ணீர், வரிசையாக லாவெண்டர், பின்னால் குடை விரித்த பெரிய மரம். படியும் கைப்பிடியும் அப்பா கேட்டபடியே இருந்தன. அப்பா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அன்று சாயங்காலமே டிசைன் கட்டணமும், அடுத்த வாரம் வேலைக்கான அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

இனி அந்தப் படங்களில் என்ன இருந்தது என்று பார்ப்போம். பிறகு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும், வேறொரு தோட்ட வடிவமைப்பாளரும் எங்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டியது இது.

முதலில் அளவு. வரைபடத்தில் குளம் 8 மீட்டருக்கு 4 மீட்டர். படத்தில் குளத்தோரம் சாய்வு நாற்காலிகள் கிடக்கின்றன. அப்படி ஒரு நாற்காலி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். அதை வைத்து அளந்தால் படத்திலிருக்கும் குளம் 13 மீட்டர் வருகிறது. கேமராவின் கோணத்தை அகலமாக வைத்து, ஆள் உருவங்களையும் நாற்காலிகளையும் சிறிதாக்கினால் எந்த இடமும் விரிந்து தெரியும். மேற்கே ஒட்டி நிற்கும் பக்கத்து வீட்டு மூன்று மாடிக் கட்டடம் படத்தில் இல்லவே இல்லை. அந்த இடத்தில் வானம்தான் இருந்தது.

அடுத்தது வெயில். குளம் வீட்டுக்கு வடக்கே வருகிறது. "வீட்டு நிழலே குளத்தை மூடிவிடும், பந்தல் செலவு மிச்சம்" என்றார் அந்த வடிவமைப்பாளர், படத்திலும் நிழல் அப்படியே விழுந்திருந்தது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அதாவது நிழல் வேண்டிய மாதங்களில் மத்தியானம் வடக்குப் பக்கம் வெயிலில் கிடக்கும், டிசம்பரில் நிழல் வந்து தண்ணீரைக் குளிர வைக்கும். ஸ்கெட்ச்அப் மாதிரியான மென்பொருளில் ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் சரியான நிழல் தானாக விழும். அவர் அதைச் செய்யவில்லை. படம் அழகாக வரும் பக்கத்தில் சூரியனை வைத்துவிட்டார்.

செடிகளைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. லாவெண்டருக்கு வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் வேண்டும். கோவளத்துப் புழுக்கத்தில் அது அழுகிவிடும். படத்தில் ஆலிவ் மரமும் இருந்தது. இவையெல்லாம் லூமியன் போன்ற மென்பொருள்களோடு வரும் மர நூலகத்திலிருந்து இழுத்துப் போட்டவை. நம் கடற்கரைக்கு என்று புன்னை, பூவரசு, தாழை, புங்கம் இருக்கின்றன. உப்புக்காற்றைத் தாங்கி நிற்பவை, பார்க்கவும் அழகானவை. அவற்றில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. நட வந்தபோது லாவெண்டருக்குப் பதிலாக ஏதோ ஊதாப்பூச் செடி வந்தது. குடை விரித்த பெரிய மரத்துக்குப் பதிலாக இடுப்பு உயரக் கன்று ஒன்று வந்தது. கேட்டால் "அது பதினைந்து வருஷ வளர்ச்சி சார்" என்றார். படம் காட்டிய அன்று இதைச் சொல்லவில்லை. புல்லையும் மணல் மேலேயே விரித்துவிட்டுப் போய்விட்டார்கள், செம்மண்ணும் எருவும் போடவே இல்லை.

குளத்துக்கு வருகிறேன். ஓரம் வழியும் குளம் என்றால் வழிகிற தண்ணீர் விழ ஒரு வாய்க்கால், அதைப் பிடித்து வைக்க பேலன்சிங் டேங்க், திருப்பி அனுப்ப பம்ப் எல்லாம் வேண்டும். வேலை தொடங்கிய பின் மேஸ்திரிதான் முதலில் கேட்டார்: "சார், ஓரத்துல வழியற தண்ணி எங்க போய் விழும்? தொட்டியே காணோமே." கொட்டேஷனைப் புரட்டினால் பேலன்சிங் டேங்கும் இல்லை, பம்ப் ரூமும் இல்லை. தனியாக 4 லட்சம் ஆகும் என்றார் வடிவமைப்பாளர். அப்பாவின் படிகளும் கொட்டேஷனில் இல்லை. சுவரில் மாட்டும் ஸ்டீல் ஏணி ஒன்று மட்டும் இருந்தது, ஆழம் முழுக்க 5 அடி. முழங்கால் மடங்காத மனிதருக்கு ஏணி! கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: படங்கள் காட்சிக்காக மட்டும்.

பேச்சு வளர்ந்து, ஆட்கள் வருவது நின்றது. காலித் தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தது. நிலத்தடி நீர் ஏறும்போது உள்ளே தண்ணீர் இல்லாத கான்கிரீட் தொட்டி படகைப் போல மேலே தூக்கப்படும். அதைத் தடுக்கத் தரையில் ஹைட்ரோஸ்டேடிக் வால்வு (அடியிலிருந்து வரும் நீரின் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு) வைப்பார்கள், தொட்டியைச் சுற்றி ஊற்று நீரை இறைக்க வழி செய்வார்கள், குறைந்தது தொட்டியை நிரப்பியாவது வைப்பார்கள். எதுவும் செய்யப்படவில்லை. ஒரு மூலை எழும்பி, சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, இதை ஒட்டுப்போட முடியாது, உடைத்துத்தான் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் தெரிய வந்தது. முடித்த வேலைகள் என்று அவர் காட்டிய போட்டோக்களில் இரண்டு வெவ்வேறு வீடுகளில் ஒரே வெள்ளைத் தொப்பிப் பெண், ஒரே நாய், ஒரே நடை. என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அவை போட்டோக்களே அல்ல, அவையும் ரெண்டர்தான், அதாவது கம்ப்யூட்டரில் உருவாக்கிய படங்கள். இன்னொரு படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் வெளிநாட்டு வீடு ஒன்று வந்து நிற்கிறது.

படம் காட்டுவதே ஏமாற்று என்று சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1788-இல் தோட்ட வடிவமைப்புத் தொழிலில் இறங்கிய ஹம்ஃப்ரி ரெப்டன், வாடிக்கையாளர்களுக்கு நீர்வண்ணப் படங்கள் வரைந்து சிவப்பு அட்டை போட்டுக் கொடுப்பார். படத்தின் மேல் ஒரு மடிப்புத் தாள் இருக்கும். மூடியிருந்தால் இன்றைய நிலம், திறந்தால் வரப்போகும் தோட்டம். இன்று இருப்பதையும் நாளை வரப்போவதையும் ஒரே கோணத்தில் வைத்துப் பார்க்கலாம். அதையே நீங்களும் கேளுங்கள்: உங்கள் மனையை ஆள் நிற்கும் உயரத்தில் போட்டோ எடுத்து, அதே இடத்திலிருந்து ரெண்டர் வேண்டும், பக்கத்து வீடும் மின்கம்பமும் அதில் இருக்க வேண்டும். மே மாதம் மதியம் 2 மணி நிழலோடு ஒரு படம் வேண்டும். செடிகள் நடும் அன்று எப்படி இருக்கும், மூன்று வருடத்தில் எப்படி இருக்கும் என்று இரண்டு படம் வேண்டும். நேர்மையாக வேலை செய்பவருக்கு இது பெரிய வேலை இல்லை. இப்போது எங்களுக்கு உதவும் வடிவமைப்பாளர் கேட்காமலேயே இதைக் கொடுத்தார்.

படத்தில் தெரியும் ஒவ்வொரு பொருளும் கொட்டேஷனில் ஒரு வரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். விளக்கு எத்தனை, டைல்ஸ் என்ன நிறம், மரக்கன்று எத்தனை அடி உயரம், எல்லாம். நீருக்கடியில் வரும் விளக்கு 12 வோல்ட் என்றும், அந்த லைனுக்கு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) உண்டு என்றும் எழுதி வாங்குங்கள், இது உயிர் விஷயம். தண்ணீர்க் கணக்கையும் கேளுங்கள். எங்கள் அளவுக் குளம் சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றாலே 38,000 லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்றுக்கு மேல். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டதும் பழுப்பாகும். படத்து நீலம் வராது. படங்களை ஒப்பந்தத்தோடு இணைத்து, பக்கத்துக்குப் பக்கம் இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். "காட்சிக்காக மட்டும்" என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். முடித்த குளம் ஒன்றையாவது நேரில் போய்ப் பார்த்து, அந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். ஆர்க்கிடெக்ட் என்று கார்டில் போட்டிருந்தால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதுவும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ரெண்டர் படங்கள், வீடியோ, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். எங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்டது அந்த வீடியோவைத்தான். படியும் கைப்பிடியும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இல்லை. இன்ஜினியரின் அறிக்கையும், புதிய வடிவமைப்பாளர் போட்டுக் கொடுத்த கொட்டேஷன் மாதிரியும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.