ஜெய்சல்மேர் பாலைவனப் பூங்காவுக்கு 5 பேர்: ஒரு லாட்ஜ் கவுண்டர்காரனின் மதிப்பீடு

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், 14 ரூம் உள்ள லாட்ஜில் 11 வருஷமாக கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கை. கொல்கத்தா, ராஞ்சி, அகர்தலா என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். வந்து இறங்கியதும் முதலில் வாடகையைக் கேட்க மாட்டார்கள், "கிச்சன் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அடுப்பு, குக்கர், நாலு பாத்திரம் எல்லாம் நாள் வாடகைக்குக் கொடுப்போம். என் இந்தி அவர்களிடம் கற்றதுதான். இத்தனை வருஷத்தில் ஒரு ரூமுக்குள் நுழைந்தால் மெத்தையைத் தூக்கிப் பார்க்காமலே அடியில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவேன். போன காலாண்டு லீவில்தான் முதல் தடவையாக கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

நான், மனைவி, அம்மா, எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன். மகனுக்குப் பாலைவனம் பார்க்க வேண்டும். "பாலாத்துக்குப் போடா, அதே மணல்தான்" என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

ஊரில் ஒரு டிராவல்ஸில் கேட்டோம். அரையாண்டு லீவுக்கு, விமானத்தோடு, 5 பேருக்கு 1,60,000 ரூபாய் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டிசம்பர் கடைசி வாரம் ஜெய்சல்மேரில் உச்ச சீசன். புத்தாண்டுக்காக வடக்கே பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். பொங்கல் லீவோ ரயிலுக்கே சரியாகப் போய்விடும். செப்டம்பர் கடைசியில் போனால் பகலில் 37, 38 டிகிரி அடிக்கும், அதனால் கூட்டம் இருக்காது என்று ரிவியூக்களில் பயமுறுத்தி எழுதியிருந்தார்கள். மே மாதம் 42 டிகிரியில் காட்பாடி பஸ் ஸ்டாப்பில் நின்று பழகின குடும்பத்துக்கு 38 எல்லாம் ஒரு வெயிலா? காலாண்டு லீவிலேயே கிளம்பிவிட்டோம். செலவு பாதிக்கு மேல் குறைந்ததற்கு இந்த முடிவும், விமானத்தை விட்டு ரயிலில் போனதும்தான் காரணம், என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

ரயில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேர் வண்டி, ரெண்டு ராத்திரி வண்டியிலேயே. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் இன்னும் 5, 6 மணி நேரம். திரும்பும்போது ஜோத்பூர்-பெங்களூரு வண்டி பிடித்து அங்கிருந்து காட்பாடி. முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு போல 120 நாள் கிடையாது. 5 வயது தாண்டிய பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். மூத்த குடிமக்கள் சலுகை 2020-லேயே போய்விட்டதால் அம்மாவுக்கும் முழு டிக்கெட். போகும்போது ஸ்லீப்பர், வரும்போது ஏசி. எல்லாம் சேர்த்து 18,000. ஸ்லீப்பரில் கடைசிப் பகல் முழுக்க ஜன்னல் வழியாகத் தூசி. புளிசாதத்திலும் தூசி. ரெண்டு பக்கமும் ஏசி போட்டிருக்கலாம்.

ஜெய்சல்மேர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர், "எந்த ஓட்டல்னாலும் 20 ரூபாய்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த 20 ரூபாய்க்கு மேலே உள்ளது கமிஷனாக நம் ரூம் வாடகையில் ஏறிக்கொள்ளும். காட்பாடி ஸ்டேஷனில் நடக்கும் அதே கணக்கு. "நானும் லாட்ஜ்காரன்தான் பையா" என்றேன். அவரும் சிரித்துவிட்டு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு நாங்கள் சொன்ன இடத்தில் இறக்கினார். ஊருக்குள் 900 ரூபாய் ரூம், சுத்தம். கோட்டையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1156-ல் கட்டத் தொடங்கியது, இன்னும் உள்ளே குடும்பங்கள் குடியிருக்கின்றன. நம் ஊர்க் கோட்டையில் சாயந்திரமானால் கேட்டைப் பூட்டுகிறார்கள், அங்கே மாடியில் துணி காய்கிறது. மகளுக்கு அதுதான் பிடித்தது.

இப்போது கூடாரம். சம் மணல்மேடு ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ரோடு ஓரமாக வரிசையாக டென்ட் கேம்ப்புகள். நாங்கள் தங்கியதன் பெயர் வேண்டாம், அடுத்ததும் அதுபோலத்தான் தெரிந்தது. 5 பேருக்கு 7,500 ரூபாய், ராத்திரி சாப்பாடு, காலை டிபன், ஒட்டகச் சவாரி எல்லாம் அடக்கம் என்றார்கள். சாயந்திரம் 5 மணிக்கு உள்ளே, காலை 9 மணிக்கு வெளியே. 16 மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை! எங்கள் சந்தில் இன்னும் 24 மணி நேர செக்-அவுட்தான். பாத்ரூமில் கீசர் இருந்தது, ஷவர் இருந்தது, பக்கெட் இல்லை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு பக்கெட்டும் சொம்பும் வைக்கத் தெரியாதவர் டென்ட்டுக்குள் கண்ணாடி விளக்கு தொங்கவிட்டிருக்கிறார். கம்பளியை மோந்து பார்த்தேன். போன சீசன் முடிந்ததிலிருந்து அது வெயிலையே பார்த்திருக்காது.

"அடக்கம்" என்ற ஒட்டகச் சவாரி ரோட்டிலிருந்து மணல்மேட்டின் அடி வரைக்கும். மேலே போக ஆளுக்கு 200 என்றார் ஒட்டகக்காரர். அது அவர் பிழை இல்லை, கேம்ப்காரர் அவருக்கு என்ன கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ராத்திரி கல்பேலியா ஆட்டம் 20 நிமிஷம், உண்மையிலேயே அருமை. சுழன்று சுழன்று ஆடின பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. அதற்கப்புறம் ஸ்பீக்கர் போட்டார்கள். 11 மணி வரை டம் டம். அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். "இன்னாங்க, போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி. நான் போகவில்லை. ராத்திரி 11 மணிக்கு கவுண்டரில் நிற்பவனிடம் கத்தி எதுவும் ஆகாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

அந்தச் சத்தம் மனசில் இன்னும் உறுத்துவதற்கு வேறு காரணம் இருக்கிறது. சம் பக்கத்திலேதான் 2019 முதல் கானமயில் முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். தரையில் முட்டையிடும் பறவை, வழக்கமாக ஒரே ஒரு முட்டை. காட்டில் மிஞ்சியிருப்பவை சுமார் 150. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை இது. இதையும் சேர்த்துக் காப்பாற்றத்தான் 3,162 சதுர கிலோமீட்டரைப் பூங்கா என்று வைத்திருக்கிறார்கள், அதன் ஓரத்தில் நாம் ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம்.

அடுத்த ரெண்டு நாள் குரி பக்கம் ஒரு கிராமத்து வீடு. சாப்பாட்டோடு 5 பேருக்கு நாளைக்கு 3,200. மண் சுவர், சாணி மெழுகின தரை, கயிற்றுக் கட்டில் நாலு. மெத்தையே இல்லாததால் அடியில் பார்க்கவும் ஒன்றும் இல்லை. காலையில் தலைக்கு ஒரு பக்கெட் தண்ணீர், அளந்து வைத்துவிடுவார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் போன 2019-ஐப் பார்த்தவர்கள் நாங்கள், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் குளித்தோம். மனைவி தயங்கித் தயங்கி, கொஞ்சம் ரசம் வைத்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். வீட்டுக்கார அம்மா பேசாமல் அடுப்பை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். வாடகை எவ்வளவு என்று வாய் வரை வந்துவிட்டது எனக்கு.

அன்று கம்பு ரொட்டியோடு கேர்-சாங்ரி என்று ஒரு பொரியல். சாங்ரி என்பது ஏதோ காய்ந்த நெற்று என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாப்பிட்டுவிட்டு அம்மா வாசல் மரத்தடியில் போய் நின்றார். ஒரு கொப்பை இழுத்து இலையை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முள்ளைத் தொட்டுப் பார்த்தார். "இது வன்னிடா. விருத்தாசலம் கோயில்ல சுத்தி வந்தமே." வீட்டுக்காரர் கேஜ்ரி என்றார். ரெண்டும் ஒன்றேதான், நாங்கள் தின்ற சாங்ரி அதன் காய்தான். 1730-ல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில் இந்த மரத்தை வெட்டவிடாமல் 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்த கதையை அவர் சொல்ல, நான் மொழிபெயர்க்க, அம்மா மரத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலமரத்தின் காயைப் பொரியல் பண்ணித் தின்றுவிட்டோமே என்று அன்று முழுக்க ஒரு சங்கடம் அவருக்கு. ரெண்டாம் நாளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பது வேறு.

குரியிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரிக்கு ஜீப், அரை நாளுக்கு 3,000. அனுமதியை முதலிலேயே ஜெய்சல்மேர் வனத்துறை அலுவலகத்தில் வாங்கிவிட்டோம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெயர்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி சரணாலயம். உள்ளே ஊர்கள் இருக்கின்றன, ஆடு மேய்கிறது. மணல்மேடு கொஞ்சம்தான். மிச்சம் புல்லும் கல்லும் கெட்டித் தரையும். சினிமாப் பாலைவனத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். "நைனா, இது நம்ம ஏரி மாதிரி கீது" என்றான் மகன், முகம் தொங்கிப்போய். மழை முடிந்த நேரம், செவண் புல் முழங்கால் உயரம். சிங்காரா மான்கள் அஞ்சாறு, ஒரு பாலைவன நரி. அதற்கப்புறம்தான் அவன் வாய் திறந்தது.

வழியில் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலைகள், அவற்றின் மின்கம்பிகள். ஜீப் ஓட்டியவர் காட்டினார்: கானமயில் 15 கிலோ வரை கனக்கும், கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. கம்பியைக் கண்டுகொள்வதற்குள் பக்கத்தில் வந்துவிடும், அந்தக் கனத்தைச் சட்டென்று திருப்பவும் முடியாது. சில கம்பிகளில் பறவைக்குத் தெரிவதற்காகச் சுழலும் வில்லைகள் மாட்டியிருந்தார்கள், பல கம்பிகளில் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கம்பிகளைப் புதைக்கச் சொல்லி 2021-ல் உத்தரவு வந்து, 2024-ல் அதையும் மாற்றினார்கள்.

நேரம் இருந்தால் ஆகல் கல்மரப் பூங்காவையும் பாருங்கள், ஜெய்சல்மேரிலிருந்து 17 கிலோமீட்டர். 18 கோடி வருஷத்து மரம். விழுப்புரம் பக்கம் திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு அரை மணி போதும்.

செலவு மொத்தம் 47,000. இதில் கேம்ப்பின் 7,500-ஐ நீங்கள் மிச்சம் பிடித்து ஒரு பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கொண்டுபோகவில்லை. சுதாசரியில் வேலி ஓரமாக அரை மணி நேரம் நின்றும் ஒன்றும் தெரியவில்லை. காவலர் தூரத்தில் எங்கேயோ தேடிக்கொண்டிருந்தார். "அங்க பாரு, வான்கோழியாட்டம் ரெண்டு" என்றார் அம்மா, வெறுங்கண்ணால், எதிர்ப்பக்கம் கையைக் காட்டி. வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி, புல்லுக்கு மேலே நிமிர்ந்து மெதுவாக நடந்து போயின. காவலர் தன் பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தார். மகன் பார்த்தான், மகள் பார்த்தாள், மனைவி பார்த்தாள், நான் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டேன். அம்மா கைக்குப் போவதற்குள் ரெண்டும் புல்லுக்குள் இறங்கிவிட்டன.

"போச்சா ஆயா?" என்றான் மகன்.

"எனக்கு எதுக்குடா கண்ணாடி? உங்களுக்கே நான்தானே காட்டினேன்."