மரபியல் வேலைக்கு எந்த வழி: அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அல்லது ஆடுதுறை?

ஈச்சங்கோட்டையிலும் கீழ்வேளூரிலும் வேளாண்மை படிப்பவர்கள், தஞ்சாவூர், திருச்சிக் கல்லூரிகளில் உயிரித் தொழில்நுட்பம் படிப்பவர்கள் எனக் காவிரி டெல்டாவிலிருந்து ஆண்டுதோறும் ஒரு கூட்டம் மரபியல் பக்கம் வருகிறது. மேற்படிப்புக்கு வெளிநாடு என்றால் வீட்டில் பேச்சு பல்கலைக்கழகத்தின் பெயர், கட்டணம், விசா என்பதோடு முடிந்துவிடும். படித்து முடித்த பிறகு அங்கே சட்டப்படி எவ்வளவு காலம் வேலை பார்க்கலாம், அந்தக் காலம் தீர்ந்ததும் யார் கையெழுத்துப் போட்டால் தங்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

மரபியலில் இதைக் கேட்காமல் விமானம் ஏறக் கூடாது. காரணம் எளிது. வேலை அனுமதிச் சட்டங்கள் பெரும்பாலும் ஆளைச் சம்பளத்தால் அளக்கின்றன. மரபியலில் தொடக்கச் சம்பளம் குறைவு, வேலை கொடுப்பவர்களும் சிலர்தான்: பல்கலைக்கழகங்கள், அரசு ஆய்வு நிலையங்கள், விதை நிறுவனங்கள், மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள். எந்த நாடு என்பதைவிட, இவற்றில் யாரிடம் வேலைக்குச் சேர்கிறீர்கள் என்பதே படிப்பு முடிந்தபின் உங்கள் நான்காவது ஆண்டைத் தீர்மானிக்கும். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக ஈடு கேட்கும். நம் பக்கத்தில் சொத்து என்றால் நஞ்சை. ஆனால் விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஈடாக எடுப்பதில்லை. வீடும் மனையும்தான் வேண்டும் என்பார்கள். ஆகக் கடைசியில் அடகுக்குப் போவது அப்பா அம்மா குடியிருக்கும் வீடு. சொந்தக் காசில் அல்லது கடனில் படிக்கும் முதுகலைக்கும், சம்பளமோ உதவித்தொகையோ தரும் முனைவர் படிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இடத்திலிருந்து பாருங்கள்.

அமெரிக்கா: வளாகத்துக்குள் ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவருக்கு ஓ.பி.டி. என்ற பயிற்சி அனுமதி 12 மாதம். மரபியலும் பயிர் இனப்பெருக்கமும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். மொத்தம் 36 மாதம். ஏஜென்ட்டுகள் இந்த எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதற்குள் இருக்கும் நிபந்தனைகளைச் சொல்ல மாட்டார்கள்.

முதல் 12 மாதத்தில் வேலை இல்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் மொத்தம் 150 நாள். மரபியல் ஆய்வகங்களில் ஆள் எடுப்பது மானியப் பணம் வருவதைப் பொறுத்தது என்பதால் இந்த 90 நாள் வேகமாகக் கரைந்துவிடும். முதல் 12 மாதத்தில் மட்டும், துறை சார்ந்த ஆய்வகத்தில் வாரம் 20 மணி நேரமாவது சம்பளமில்லாமல் வேலை செய்தாலும் கணக்கில் வரும். உங்கள் பேராசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் இது உயிர் காக்கும். ஓ.பி.டி.க்குப் படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

நீட்டிப்பு காலத்தில் இலவச வேலை செல்லாது. வேலை கொடுப்பவர் ஈ-வெரிஃபை என்ற அரசு முறையில் பதிந்திருக்க வேண்டும். அப்புறம் ஐ-983 என்று ஒரு படிவம் உண்டு. என்ன திறமை கற்கப் போகிறீர்கள், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிடுவார்கள், சம்பளம் எவ்வளவு என்று வரிவரியாகக் கேட்கும். பெரிய நிறுவனத்தில் இதைப் பார்க்கத் தனி ஆள் இருப்பார். பத்துப் பேர் வேலை செய்யும் புதிய மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் அந்தப் படிவத்தைப் பார்த்ததுமே தயங்குவார்கள். நேர்காணலுக்குப் போகும்போது நீங்களே ஒரு வரைவை எழுதி எடுத்துப் போனால் பாதித் தயக்கம் போய்விடும்.

36 மாதத்துக்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா. இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. தனியார் நிறுவனம் என்றால் ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுகலை அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற வரம்புக்குள் குலுக்கல். மார்ச்சில் பதிவு, அக்டோபரில் வேலை. 2026 முதல் இந்தக் குலுக்கலில் சம்பள நிலை உயர்ந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். புதிதாகப் படித்து வந்த மரபியல் மாணவர் பெரும்பாலும் கீழ் நிலையில்தான் இருப்பார் என்பதால் இது நம்மை நேராக அடிக்கிறது. பல்கலைக்கழகம், அதோடு இணைந்த லாபநோக்கமற்ற மருத்துவமனை, லாபநோக்கமற்ற ஆய்வு நிறுவனம், அரசு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றுக்கு இந்த வரம்பும் இல்லை, குலுக்கலும் இல்லை. ஆண்டின் எந்த மாதமும் மனுப் போடலாம்.

செயின்ட் லூயிஸ் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய விதை நிறுவனமும் இருக்கிறது, டான்ஃபோர்த் தாவர அறிவியல் மையம் என்ற லாபநோக்கமற்ற ஆய்வு நிலையமும் இருக்கிறது. ஒரே நகரம், ஒரே சோள மரபணு வேலை. முதலாவதில் சம்பளம் அதிகம், ஆனால் விசா குலுக்கலில் தொங்கும். இரண்டாவதில் சம்பளம் குறைவு, விசாவுக்குக் குலுக்கல் இல்லை. வேலை அனுமதி தேவைப்படும் மாணவருக்கு இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். ஒரு குறை உண்டு: அங்கிருந்து பிறகு தனியார் நிறுவனத்துக்கு மாறினால் அப்போது குலுக்கலில் நின்றாக வேண்டும்.

எச்-1பி மனுவுக்கு 2025 செப்டம்பரில் அறிவித்த 1,00,000 டாலர் கட்டணம் பற்றி வீட்டில் பயப்படுகிறார்கள். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே எஃப்-1-இலிருந்து எச்-1பி-க்கு மாறுபவருக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை விளக்கியிருக்கிறது. ஆனால் அந்த மாற்ற மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். அக்காள் கல்யாணமே ஆனாலும் அந்த மாதங்களில் ஊருக்கு வர வேண்டாம்.

கிரீன் கார்டைக் கணக்கில் வைத்துப் போகாதீர்கள். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டைத் தாண்டி நிற்கிறது.

ஜெர்மனி: மாணவராக இல்லை, ஊழியராக

என் முதல் பரிந்துரை இதுதான், குறிப்பாகக் கோவையிலோ காரைக்காலிலோ முதுகலை முடித்தவர்களுக்கு. ஜெர்மனியில் மரபியல் முனைவர் படிப்பு பெரும்பாலும் சம்பளமுள்ள வேலை. இ-13 என்ற அரசுச் சம்பள நிலையில் 65 சதவீத ஒப்பந்தம் சாதாரணம். மாதம் சுமார் 3,000 யூரோ, பிடித்தம் போகக் கையில் சுமார் 2,000. வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. கொலோனில் மாக்ஸ் பிளாங்க் தாவர இனப்பெருக்க ஆய்வு நிலையம், காட்டர்ஸ்லேபனில் பெரிய பயிர் மரபணு வங்கியோடு இயங்கும் ஐ.பி.கே. நிலையம் எனக் கோதுமை, பார்லி பார்ப்பவர்களுக்கு இடம் உண்டு.

இந்த 65 சதவீதச் சம்பளம், ப்ளூ கார்டு என்ற உயர்தகுதி வேலை அனுமதியின் சம்பள வரம்புக்குக் கீழேதான் நிற்கும். ஆனால் ஆய்வாளர் என்ற தனி அனுமதியில் தங்கலாம். பட்டம் வாங்கி முழு இ-13 சம்பளத்துக்கு வந்ததும் 2026-இன் பொது வரம்பான 50,700 யூரோவைத் தாண்டிவிடுவீர்கள். ப்ளூ கார்டில் பி-1 (இடைநிலை) ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில், ஏ-1 (தொடக்க நிலை) மட்டும் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். அமெரிக்க வரிசையோடு இதை வைத்துப் பாருங்கள்.

முதுகலைக்கே போகிறவர்களுக்குப் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. ஆனால் முடக்குக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட அளவுதான் எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் கட்டாயம். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தம் முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு என்று சட்டமே எல்லை போடுகிறது. நிரந்தரப் பதவி மிகச் சிலருக்குத்தான். விதை நிறுவனத்துக்கு மாறலாம் என்றால், வயலில் தொழிலாளிகளோடு பேச ஜெர்மன் வேண்டும். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும் என்று மொழியைத் தள்ளிப்போட்டால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும்.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா

இங்கிலாந்தின் ஓராண்டு முதுகலையை வேலை அனுமதிக்காக எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா இப்போது 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குப் பிறகு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு, புதியவர்களுக்கு 33,400. ஆய்வு உதவியாளர் வேலைகள் பலவற்றின் சம்பளம் அந்தச் சலுகை வரம்பை எட்டவே திணறும். முனைவர் படிப்பு என்றால் கதை மாறும்: விசா 3 ஆண்டு, அறிவியல் முனைவர்களுக்கும் 33,400 வரம்பே போதும். நார்விச்சின் ஜான் இன்னஸ் மையம், ஹிங்ஸ்டனின் சேங்கர் நிலையம் போன்ற இடங்களில் உதவித்தொகையோடு கிடைத்தால் தயங்காமல் போகலாம்.

ஆஸ்திரேலியாவில் இந்தியருக்கு ஒரு சலுகை இருக்கிறது. இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தப்படி 485 என்ற பட்டதாரி விசாவில் முதுகலைக்கு 3 ஆண்டு, முனைவருக்கு 4 ஆண்டு வரை வேலை பார்க்கலாம். பாட முறை முதுகலைக்கு வயது 35-க்குள் இருக்க வேண்டும். கட்டணம் கனமானது. உவர் நிலத்துப் பயிர் மரபியலில் அங்கே ஆழமான வேலை நடக்கிறது. வேதாரண்யம், நாகை கடற்கரையில் உப்பு ஏறிய வயலைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது தானாகவே பொருந்தும் துறை.

ஆடுதுறை

ஆடுதுறை என்றால் தஞ்சைப் பக்கத்து நெல் ஆராய்ச்சி நிலையம்; ஊரிலேயே இருப்பதற்கான பெயராக அதைச் சொல்கிறேன். ஊரில் இருப்பதைத் தோற்றவர்களின் வழியாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். என்ற தேசிய ஆய்வு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் மாதம் 37,000 ரூபாய், கடன் இல்லை, விசா இல்லை. வேளாண் ஆய்வுப் பணித் தேர்வு எழுதினால் மத்திய அரசின் விஞ்ஞானி. 2022-இல் சிலவகை மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு விதி தளர்ந்தது; 2025 மே மாதம் கமலா, பூசா டி.எஸ்.டி. 1 என்ற இரு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அரசு அறிவித்தது. க்ரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையைக் கற்றவர்களுக்கு இங்கே வேலை திறக்கிறது என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்புக்கும் நியமனத்துக்கும் இடையே காத்திருப்பு நீளம். அதுதான் இந்த வழியின் விலை.

போய்த் திரும்புவதும் ஒரு வழிதான். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1952-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவிட்டு 1954-இல் திரும்பினார். கட்டாக்கில் அவர் சேர்ந்த, இண்டிகா, ஜப்போனிகா என்ற இரு நெல் வகைகளின் கலப்புத் திட்டத்திலிருந்துதான் ஆடுதுறை 27 வந்தது. தஞ்சாவூர் வயல்களில் அந்த நெல் என்ன செய்தது என்று தாத்தாக்களைக் கேளுங்கள். கலிபோர்னியாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஆய்வாளர்கள் 2006-இல் அடையாளம் காட்டிய சப்-1 மரபணு, நம் சம்பா நெல் சி.ஆர்.1009-க்குள் சேர்க்கப்பட்டு, இரண்டு வாரம் வரை முழுக வெள்ளம் நின்றாலும் தாங்குகிறது. வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பின் வேலை பார்ப்பவர்கள் திரும்புவதற்கென்றே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ராமலிங்கசாமி மீள்வருகை உதவித்தொகை இருக்கிறது, 5 ஆண்டுக்கு.

விண்ணப்பம் எழுதும்போது

என்னிடம் வரும் விண்ணப்பங்களில் "மூலக்கூறு உயிரியலில் ஆர்வம்" என்று இருக்கும். அதே பிள்ளை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக்குப் போய், கதிரில் பூவின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்து, பட்டர் பேப்பர் உறை போட்டு, மறுநாள் காலை மகரந்தம் தூவிக் கலப்பு செய்திருப்பார். அதை எழுதியிருக்க மாட்டார். "ஏம்மா இதை விட்டுட்டே?" என்று கேட்டால், "அது வயல் வேலைதானே அண்ணா" என்பார்கள். நெல் ஆய்வகம் நடத்தும் பேராசிரியர் தேடுவதே அந்தக் கையைத்தான். எத்தனை கலப்பு செய்தீர்கள், எத்தனை நெல்மணி பிடித்தது, எந்த ரகங்கள் என்று எழுதுங்கள்.

அமெரிக்க முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் கடைசி நாள். ஜெர்மன் பணியிடங்கள் ஆண்டு முழுவதும் வரும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். வேலை உறுதிக் கடிதம் வந்ததும் பதில் எழுதும் முன் மனிதவளத் துறையிடம் இரண்டைக் கேளுங்கள்: அமெரிக்கா என்றால், உங்கள் நிறுவனம் எச்-1பி வரம்புக்கு உட்பட்டதா, விலக்கு பெற்றதா? இதே பதவியில் கடந்த ஆண்டுகளில் வெளிநாட்டவருக்கு ஸ்பான்சர் செய்திருக்கிறீர்களா? பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு சரி சொல்லுங்கள்.