சுங்கை சிப்புட்டில் காப்பி மெஷின்: எது தேறியது, எது தேறவில்லை

காப்பி மெஷின் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் அடுப்படிக்குப் போய் உங்கள் தூள் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘செர்புக் கோப்பி சம்புரான்’ என்று போட்டிருந்தால், அதாவது கொட்டையோடு சீனி, மார்ஜரின், சிலவற்றில் சோளம்கூடச் சேர்த்து வறுத்த கலப்புத் தூள் என்றால், விளம்பரத்தில் வரும் மெஷின்களில் பாதிக்கு மேல் உங்களுக்கு ஆகாது. இதைக் கடைக்காரர் யாரும் சொல்லப் போவதில்லை. ஷோப்பி ஆன்லைன் கடையில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் சொல்ல மாட்டார்கள், பாதிப் பேர் பெட்டி வந்து சேர்ந்த அன்றே நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கள் வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது, பின்பக்கம் செம்பனைத் தோட்டம். மாமியார் அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், விடியுமுன் கறுப்புக் காப்பி குடித்துவிட்டு மரத்துக்குப் போன பழக்கம் வேலை ஓய்ந்தும் அவரை விடவில்லை. என் வீட்டுக்காரருக்கு டின்பால் (இனிப்பான கட்டிப்பால்) போட்டு, கெட்டியாக, கண்ணாடிக் கிளாசில் வேண்டும். பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலைக்குப் போன பிறகு லாத்தே, அமெரிக்கானோ என்று கேட்கிறார்கள். ஆக மூன்று தலைமுறைக்கு மூன்று காப்பி, ஒரே அடுப்படி. மெஷின்களில் பெரும்பாலானவை நாங்கள் தேடி வாங்கியவை அல்ல, அன்பளிப்பாக வந்து சேர்ந்தவை. வந்ததை வீணாக்கக் கூடாதே என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

முதலில் சொட்டு மெஷின். மேலே தண்ணீர் ஊற்றி, கூம்பில் தாள் வைத்து, தூள் போட்டுப் பொத்தானை அழுத்தினால் கண்ணாடிக் குடுவையில் சொட்டுச் சொட்டாக இறங்குமே, அதுதான். அண்ணி புதுமனைப் புகுவிழாவுக்குக் கொடுத்தார். அந்தத் தாள் வடிகட்டியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண்மணி, 1908ஆம் ஆண்டு, வாயில் சக்கை தட்டுப்படுகிறதே என்ற கடுப்பில். நல்ல யோசனைதான், ஆனால் அந்த அம்மா சீனி போட்டு வறுத்த தூளைப் பார்த்திருக்க மாட்டார். எங்கள் தூளைப் போட்டதும் உருகிய சீனி தாளின் கண்களை அடைத்துக்கொண்டது. வெந்நீர் கீழே இறங்க வழியில்லாமல் கூம்பு நிரம்பி, சக்கையோடு சேர்ந்து மேடை முழுக்க வழிந்தது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, ஆஸ்பத்திரில தண்ணி ஏத்துற மாதிரி சொட்டுது, இதுக்கா இவ்வளவு கரண்டு?” என்றார்.

சீனி இல்லாத, நடுத்தரமாக அரைத்த தூளை வாங்கிப் போட்டபோது அதே மெஷின் ஒழுங்காக ஓடியது. அதற்கான கணக்கு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 60 கிராம் தூள். வெறும் கறுப்பாகக் குடிக்கிறவர்களுக்கு அது தெளிவான, நல்ல காப்பி. ஆனால் அதில் டின்பாலை ஊற்றினால் முடிந்தது கதை, பால் ருசியே மேலோங்கி காப்பி காணாமல் போய்விடும். டின்பாலைத் தாங்குவதற்குத் தடித்த டிகாஷன் வேண்டும், அதை இந்த மெஷினிடம் எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று, குடுவையைச் சூடாக வைத்திருக்கும் அந்தத் தட்டு. அரை மணி நேரம் அதன்மேல் காப்பி இருந்தால் காய்ந்து கசந்து, நேற்று வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. இறங்கியவுடன் ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டுச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கண்ணாடிக் குடுவைக்குப் பதிலாக ஃபிளாஸ்க் குடுவையோடு வரும் மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடப் போனாலும் அதையே எடுங்கள்.

கரப்பான் பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வகையை முடிக்க முடியாது. சின்னச் சின்னதாக, பழுப்பு நிறத்தில் ஓடுமே, அந்த ஜாதிக்குச் சூடும் ஈரமும் இருட்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் போதும், காப்பி மெஷினின் அடிவயிறு அதற்கு மாளிகை. ஒரு காலையில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒன்று மீசையை ஆட்டியது. அன்றிலிருந்து அந்த மெஷின் ஸ்டோரில் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் மதிப்புரைகளில் இந்தச் சங்கதியை அதிகம் பார்க்க முடியாது, நம் ஊரில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஓட்டி முடித்ததும் தொட்டியைக் காலி செய்து மூடியைத் திறந்து காய விடுங்கள், சக்கையை அதிலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

அடுத்தது, தூள் அடைத்த சின்னக் குப்பியைப் போட்டு ஓட்டும் கேப்சூல் மெஷின், தம்பி சிங்கப்பூரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது. குறை சொல்ல வழியே இல்லாத அளவுக்குச் சுலபம், ஒரு நிமிடத்தில் மேலே நுரையோடு காப்பி, கழுவ வேண்டியதும் ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் எல்லாம் கேப்சூல் விலையில்தான். ஒரு கேப்சூலே இரண்டு வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டுகிறது, எனக்கு அந்தக் காசுக்கு டவுனில் சீனர் கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடித்துவிட்டு ஊர்க்கதையும் கேட்டுவிட்டு வரலாம். ஊரில் எந்தக் கடையிலும் அந்த கேப்சூல் கண்ணில் படவில்லை, ஈப்போவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாமியார் அந்த கேப்சூலைக் கையில் உருட்டிப் பார்த்து, உள்ளே இருப்பது ஐந்தாறு கிராம் தூள் என்று நான் சொன்னதும் வேறொன்றும் சொல்லவில்லை, கிலோவுக்கு என்ன விலை ஆகிறது என்று மட்டும் கேட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். வீட்டில் ஒரே ஒருவர்தான் காப்பி குடிக்கிறவர், காலையில் நேரமே இல்லை என்றால் சரி. எங்களைப் போல் உறவுக்காரர் வந்து போகிற வீட்டுக்கு ஆகாது, தீபாவளி அன்று பெட்டி பெட்டியாகக் காலியாகிவிடும்.

அப்புறம் ஆன்லைனில் மலிவாக வந்த குட்டி எஸ்பிரெசோ மெஷின், அழுத்தத்தில் வெந்நீரைத் தள்ளிக் கெட்டிக் காப்பி இறக்குவது, மகன் வாங்கியது. கம்பெனிப் பெயர் வேண்டாம், அந்தப் பெயரை அதற்கு முன்பும் பின்பும் நான் எங்கும் பார்த்ததில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘20 பார்’. இந்த எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். எஸ்பிரெசோ நன்றாக இறங்க வேண்டிய அழுத்தம் 9 பார் அளவில்தான், 15 என்றும் 20 என்றும் போடுவது அந்த மோட்டார் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு, காப்பியின் ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பார்க்க வேண்டியது தண்ணீரின் சூடு 90 முதல் 96 டிகிரிக்குள் நிலையாக நிற்கிறதா என்பதை. எங்களுடையது முதல் கோப்பை வெதுவெதுப்பு, இரண்டாவது கோப்பை கருகல். தூளும் மாவு மாதிரி பொடியாக வேண்டும், அதற்கு ஒரு அரவை மெஷின் தனியாக வாங்க வேண்டும், அதன் விலை மெஷின் விலையைத் தாண்டுகிறது. இதையெல்லாம் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

அதன் முடிவு மழையில் வந்தது. பேராக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், மத்தியானம் வானம் கறுத்தால் சாயங்காலத்துக்குள் இடி. பிளக் சொருகியபடியே இருந்தது, மின்னல் அடித்தது, வீட்டு மெயின் டிரிப் ஆகிவிட்டது, கரண்டு திரும்ப வந்தபோது மற்றதெல்லாம் வேலை செய்தன, மெஷின் மட்டும் உயிர் பெறவில்லை. விற்றவருக்கு எழுதினால், இயற்கைச் சீற்றத்துக்கு வாரண்டி கிடையாது என்று பதில். சரி, பழுது பார்க்கவாவது இடம் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, இருக்கிற ஒரே சர்வீஸ் சென்டர் ஜொகூரில், கூரியர் செலவு எங்களுடையது. டவுனில் மின்விசிறி, ரைஸ் குக்கர் எல்லாம் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, “போர்டு போயிருச்சு தங்கச்சி, இதுக்கு சாமான் கிடைக்காது” என்று மூடிக் கொடுத்துவிட்டார், காசும் வாங்கவில்லை. அவரும் நானும் சேர்ந்து சொல்கிறோம்: மின்சாரச் சாமான் எதை வாங்கினாலும் சிரிம் தரச்சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா, மூன்று முள் பிளக்தானா என்று பாருங்கள், மழை வருகிற மாதிரி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பொத்தானும் திரையும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இனி நல்லதைச் சொல்கிறேன். அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரம். இத்தாலியில் 1933இல் அல்ஃபோன்சோ பியலெட்டி கொண்டு வந்தது, எட்டு மூலையாக அலுமினியத்தில் இருக்கும். கீழ் அறையில் தண்ணீர், நடுவில் தூள், தண்ணீர் கொதித்து ஆவி தள்ள, காப்பி மேல் அறைக்கு ஏறும். கரண்டு வேண்டாம், கேஸ் அடுப்பு போதும். அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார் இருக்கலாம், ஆகவே அசல் எஸ்பிரெசோ ஆகாது, ஆனால் டின்பாலைத் தாங்கும் அளவுக்குத் தடிப்பாக வருகிறது, எங்கள் வீட்டில் பஞ்சாயத்து தீர்ந்தது இதனால்தான். தண்ணீர் அந்தச் சின்ன வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும், தூளை அழுத்தித் திணிக்கக் கூடாது, தீ சின்னதாக, மேலே கொப்பளிக்கும் சத்தம் கேட்டவுடன் இறக்கிவிட வேண்டும். இதிலும் கலப்புத் தூள் மட்டும் கூடவே கூடாது. சீனி இளகி வடிகட்டியை அடைத்தால் ஆவி போக வழியில்லாமல் வால்வு வழியாகச் சீறும், அந்த வால்வு வைத்திருப்பதே அதற்குத்தான், ஆனாலும் பக்கத்தில் நிற்க எனக்குப் பயம்தான். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அலுமினியம் சூடாகாது, எஃகில், இண்டக்ஷனுக்கு ஆகிறதைக் கேட்டு வாங்குங்கள்.

இதில் போடத்தான் நான் லைபெரிகா என்ற காப்பி வகையின் தூளைத் தேட ஆரம்பித்தேன், தேடியது வீண் போகவில்லை. மலேசியாவில் விளைகிற காப்பியில் பெரும்பகுதி லைபெரிகாதான், ஜொகூர்க்காரர்கள் சீனி சேர்க்காமல் வறுத்து ஆன்லைனில் விற்கிறார்கள், திறந்தால் பலாப்பழ வாசம் மாதிரி ஒன்று அடிக்கும். நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு ரப்பர் வெட்ட வந்தார்கள் என்றுதான் பள்ளியில் படித்தோம், ஆனால் ரப்பருக்கு முன்னால் இங்கே வெள்ளைக்காரன் போட்டதில் காப்பித் தோட்டமும் உண்டு, 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்ததும்தான் அதை விட்டு ரப்பருக்குத் தாவினார்கள். மாமியாரிடம் இதைச் சொன்னேன். “யாரு நட்டாலும் நாமதானே களை புடுங்கினோம்” என்று சொல்லிவிட்டு இன்னொரு கிளாஸ் ஊற்றச் சொன்னார்.

பித்தளை ஃபில்டரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, ஈப்போ லிட்டில் இந்தியாவில் எஃகிலும் பித்தளையிலும் கிடைக்கும், சிக்கரி கலந்த இந்தியத் தூளோடு அதை விஞ்ச ஒன்றும் இல்லை, காத்திருக்கப் பொறுமை இருந்தால். இரவே டிகாஷன் இறக்கி வைத்துக்கொள்ளலாம். எங்கள் கடைத்தெருவில் வாங்கும் அந்தக் கலப்புத் தூளை அதில் போட்டால் ஒரு சொட்டும் இறங்காது.

அந்தக் கடைத்தெருத் தூளை என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். அதற்கென்றே உள்ள சாமான் நீளமாகத் தொங்கும் துணி வடிகட்டி, கடையில் நாலைந்து வெள்ளி. தூளை வெந்நீரில் ஊற விட்டு, இரண்டு குவளைக்கு நடுவே மாற்றி மாற்றி வடித்தால் சீனி வறுத்த அந்தக் கறுப்பு நிறமும் தடிப்பும் எந்த மெஷினிலும் வராத மாதிரி வரும். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், வெறும் வெந்நீரில் அலசிக் காய வையுங்கள், துணி புளித்த வாசம் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

ஆக இப்போது எங்கள் மேடையில் நிற்பது துணி வடிகட்டியும் மோக்காவும் மட்டும். மோக்காவில் ஒரே பராமரிப்பு அந்த ரப்பர் வளையம்தான், காய்ந்து வெடித்தால் ஓரத்தில் தண்ணீர் கசியும், காப்பி மேலே ஏறாது. வளையம் தனியாகக் கிடைக்கிறது, ஆனால் மூன்று கோப்பைக்கும் ஆறு கோப்பைக்கும் அளவு வேறு, கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும், எனவே பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.