பின்னல் துணி டெக்ஸ்சர் தொகுப்பு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

இன்டீரியர் ரெண்டரில், அதாவது கணினியில் உருவாக்கும் வீட்டு உள்ளறைப் படத்தில், சோபாப் போர்வை, குஷன் உறை என்று பின்னல் துணி அடிக்கடி தேவைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'நிஜப் பின்னல் துணி, 8கே, சீம்லெஸ், முழு பிபிஆர் மேப்கள்' என்று விளம்பரம் செய்த ஒரு விற்பனையாளரிடம் ஒரு டெக்ஸ்சர் தொகுப்பு வாங்கினேன். டெக்ஸ்சர் என்பது 3டி மாடலின் மேல் போர்த்தும் படம். சீம்லெஸ் என்றால் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் ஒட்டு தெரியாதது. பிபிஆர் மேப்கள் என்றால் நிறம், மேடுபள்ளம், பளபளப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகச் சொல்லும் படங்கள். காசு போனது, வேலையும் கெட்டது.

முகப்புப் படம் பிரமாதம். தடித்த நூலில் முறுக்குப் பின்னல் போட்ட போர்வை, சோபாவின் கைப்பிடியில் மடிந்து கிடக்கிறது. ஒவ்வொரு நூலும் தனியாகத் தெரிகிறது. ஓரத்தில் பஞ்சு போன்ற ரோமம் வெளிச்சத்தில் மினுங்குகிறது. அப்படி ஓரம் பஞ்சாக வருவது தட்டையான டெக்ஸ்சரால் ஆகாத காரியம். நூலையே மாடல் செய்து, மேலே ரோம இழைகளைப் படரவிட்டால்தான் வரும். நூலை நூலாகவே கணக்கிடுவது ஒன்றும் புதிதல்ல, பின்னல் துணியை நூல் அளவில் உருவகிக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வு 2008இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டிலேயே வந்துவிட்டது. அந்த ரகத்தில் செய்த ஒரு படத்தைக் காட்டிவிட்டு, கையில் கொடுப்பது ஒரு தட்டைப் புகைப்படம் என்றால் அதற்குப் பெயர் விளம்பரம் இல்லை.

முதலில் 8கே கதை. கோப்பின் அகலமும் உயரமும் 8192 பிக்சல்தான், அதில் பொய் இல்லை. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் நூலில் ஓர் இழைகூட இல்லை, எல்லாம் மொழுமொழுவென்று இருக்கிறது. படத்தை 2கே அளவுக்குச் சுருக்கி, திரும்ப 8கே ஆக்கி, அசலின் மேல் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் மோடில் பார்த்தேன். உண்மையான 8கே என்றால் நுண்ணிய இழைகள் வெள்ளைக் கீறல்களாகத் தெரிய வேண்டும். எனக்கு வந்தது கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சுருக்காத நிலையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் உள்ள இப்படி ஒரு மேப் 192 எம்பி நினைவகத்தை விழுங்கும். இல்லாத விவரத்துக்காக கிராஃபிக்ஸ் கார்டு மூச்சுத் திணறியது.

இதைக்கூட விட்டுவிடலாம். மன்னிக்க முடியாதது மேடுபள்ளத்தின் உயரத்தைச் சொல்லும் ஹைட் மேப்பும், பரப்பு எந்தத் திசையில் சாய்கிறது என்று சொல்லும் நார்மல் மேப்பும்தான்.

நெசவுத் துணியில் பாவும் ஊடும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே ஓடும். பின்னலில் அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ள கண்ணிக்குள் புகுந்து வெளியே வரும் ஒரு வளையம். சாதாரணப் பின்னலின் முன்பக்கத்தில் 'வி' வடிவம் வரிசையாகத் தெரிவது அதனால்தான். நூல் எங்கே முன்னால் வருகிறது, எங்கே உள்ளே போகிறது என்பதை ஒரே புகைப்படத்தின் வெளிச்சத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. வெவ்வேறு திசையில் விளக்கு வைத்துப் பல படங்கள் எடுக்க வேண்டும், அல்லது பல கோணப் படங்களிலிருந்து வடிவத்தைக் கணக்கிடும் போட்டோகிராமெட்ரி செய்ய வேண்டும், அல்லது நூலை மாடல் செய்து அந்த வடிவத்தை மேப்பாகப் பதிவு (பேக்) செய்ய வேண்டும். இவர்கள் ஒரே ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, பளிச்சென்று இருப்பதெல்லாம் மேடு, இருட்டாக இருப்பதெல்லாம் பள்ளம் என்று முடித்துவிட்டார்கள்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? தொகுப்பில் வெள்ளைப் பின்னலில் கருநீல நட்சத்திரக் கோலம் போட்ட துணி ஒன்று இருந்தது. நிஜத்தில் இரண்டு நிற நூலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் இருக்கும். இவர்கள் ஹைட் மேப்பைத் திறந்தால் நட்சத்திரம் அப்படியே தெரிகிறது. அந்த மேப்பின்படி பரப்பையே மேலும் கீழும் நகர்த்தும் டிஸ்பிளேஸ்மென்ட் போட்டதும் குஷன் முழுக்க நட்சத்திர வடிவில் குழிகள். போதாக்குறைக்கு ஹைட் மேப் 8 பிட், அதாவது மொத்தமே 256 படிநிலைகள். கொஞ்சம் கிட்டே போனால் நூல் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. பளபளப்பின் அளவைச் சொல்லும் ரஃப்னஸ் மேப்பைப் பார்த்தால், துணியின் நிறம் மட்டும் இருக்க வேண்டிய பேஸ் கலரின் வெளிச்சத்தையும் இருட்டையும் தலைகீழாக்கிய அதே படம்!

பேஸ் கலரிலும் நிழல் அப்பியிருந்தது. படம் எடுத்தபோது விளக்கு இடது மேற்புறம் இருந்திருக்கிறது. என் காட்சியில் ஜன்னல் வலப்பக்கம். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு பக்கமும் நிழல் விழுந்து, போர்வை சாயம் போனதுபோல அழுக்காகிவிட்டது.

சீம்லெஸ் என்ற வார்த்தைக்கும் மதிப்பில்லை. ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவரும் ஆஃப்செட் ஃபில்டரில் பாதி அகலம் நகர்த்தியதும் நடுவில் ஒரு மங்கல் பட்டை. கரடுமுரடான நெசவுத் துணியில் இதைக் கண் விட்டுவிடலாம். பின்னலில் விடாது, ஒரு 'வி' பாதியில் அறுந்தாலே கண்ணி நழுவிய ஸ்வெட்டர்போல் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு விஷயமும் கேளுங்கள். ஒரு டெக்ஸ்சர் 50 செ.மீ. அகலம் என்று போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் குறுக்கே சுமார் 40 கண்ணிகள். நடுத்தர நூலில் கையால் பின்னினால் 10 செ.மீ.க்குச் சுமார் 22 கண்ணி வரும். படத்தில் இருப்பது அந்த ரக நூல்தான், ஆக உண்மையான அகலம் 18 செ.மீ. சுற்றுவட்டாரம். அவர்கள் சொன்ன அளவில் போட்டால் ஒரு கண்ணி ஒன்றேகால் சென்டிமீட்டர் ஆகிவிடும். சோபா பொம்மை வீட்டுச் சாமான்போல் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

நார்மல் மேப் ஓபன்ஜிஎல் முறையா டைரக்ட்எக்ஸ் முறையா என்ற குறிப்பே இல்லை. இந்த இரண்டு முறையிலும் பச்சை சேனல் எதிரெதிராக இருக்கும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் முதல் வகையை எதிர்பார்க்கும், அன்ரியல் என்ற கேம் எஞ்சின் இரண்டாவதை. பச்சை சேனலைத் திருப்பினால் சரியாகிவிடும், சின்ன விஷயம்தான். ஆனால் அதைக்கூடச் சொல்லத் தெரியாதவர் என்ன விற்கிறார்? அப்புறம், பின்னல் என்று பெயரிட்ட சில கோப்புகள் நெசவுத் துணியாகவே இருந்தன.

புகார் செய்தேன். உங்கள் ரெண்டர் செட்டிங் சரியில்லை, ஸ்ட்ரெங்தைக் கூட்டுங்கள் என்று பதில். ஒப்பீட்டுப் படங்களை அனுப்பியதும் தொனி மாறியது: டவுன்லோட் செய்த டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தர மாட்டார்களாம். சரி, முகப்புப் படத்தை உருவாக்கிய 3டி காட்சிக் கோப்பையாவது காட்டுங்கள், அதில் இந்த மேப்கள்தான் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன் என்றேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. நான் போட்ட விமர்சனம் மட்டும் பக்கத்திலிருந்து காணாமல் போனது.

வாங்குவதாக இருந்தால் எல்லா மேப்களின் 1கே மாதிரியை முன்பே கேளுங்கள், ஒழுங்கானவர்கள் தயங்காமல் தருவார்கள். வெளிச்சம் இல்லாத பேஸ் கலரையும் ஹைட் மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்படிப் படம் எடுத்தார்கள் என்று கேளுங்கள், மழுப்பினால் விலகிவிடுங்கள். பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜி ஆகிய இரண்டு இணையதளங்களிலும், எந்த நிபந்தனையும் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற சிசி0 உரிமத்தில் துணி டெக்ஸ்சர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்குவது குறைந்தபட்சம் அந்தத் தரத்திலாவது இருக்க வேண்டும். நல்ல மேப் கிடைத்தால் மேலே கொஞ்சம் ஷீன், அதாவது துணியின் ஓரங்களில் தெரியும் மெல்லிய மினுக்கம், சேர்த்தாலே கம்பளியின் மென்மை வந்துவிடும். பிளெண்டரில் 2023இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஷீன் நன்றாகவே மேம்பட்டிருக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் புகார் எழுதுவதற்கு முன் விற்பனைப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். என் புகார் போன பிறகு, 'சீம்லெஸ்' என்ற வார்த்தையை அந்தப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். விவரித்தபடி பொருள் இல்லை என்று கார்டு நிறுவனத்திடம் நான் கொடுத்திருக்கும் மனுவுக்கு, முன்பு எடுத்து வைத்த அந்த ஸ்கிரீன்ஷாட்தான் இப்போது ஆதாரம்.