வேலூரில் ‘வெயில் தாங்கும் ஃபியூஷியா’ என்று விற்றால் வாங்காதீர்கள்

மார்ச் மாதம் சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் வண்டியில் வந்த ஒரு செடி வியாபாரியிடம் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டார் ஃபியூஷியா என்னும் தொங்கும் பூச்செடியை வாங்கினோம். தொட்டி 350 ரூபாய். “ஊட்டிச் செடிதான், ஆனா நம்ம வெயிலுக்குப் பழக்கியாச்சு. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துங்க, வருஷம் முழுக்கப் பூக்கும்” என்றார். ஏப்ரல் முடிவதற்குள் எல்லாமே போய்விட்டன. திரும்பக் கேட்டபோது, “தண்ணிய அதிகமா ஊத்திட்டீங்க” என்று பதில் வந்தது.

வெயிலுக்குப் பழக்கியாச்சு என்றதும் தவறு, ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தச் சொன்னதும் தவறு. தென் அமெரிக்க மலைக்காடுகளின் குளிரில் வளரும் இனம் இது. 15 முதல் 25 டிகிரி வரை நன்றாக இருக்கும், 30-ஐத் தாண்டினால் மொட்டு உதிரும். கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டும் நம் ஊரில், இரவிலும் சூடு தணியாது. அதற்கு எந்தப் பழக்கமும் உதவாது.

பெரிய கெடுதல் அந்த இரண்டு வேளைத் தண்ணீர்தான். மதிய வெப்பத்தில் மண் ஈரமாக இருக்கும்போதே ஃபியூஷியாவின் இலை தொங்கும். வேர் உறிஞ்சுவதைவிட இலை வழியாக நீர் வேகமாகப் போவதே காரணம். தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்றில்லாமல் அழுகும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம், தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். மாலையில் நிமிர்ந்துவிட்டால் பிழையில்லை. மறுநாள் காலையிலும் தொங்கியே இருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் நவம்பரில் வாங்குங்கள், பிப்ரவரி வரைக்கும் பூக்கிற பனிக்காலச் செடியாக மட்டும் எண்ணி. பூவைப் பார்த்து மயங்காமல் தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பேறி நாற்றமடித்தால் வேண்டாம். இலைக்கு அடியில் வெள்ளை ஈயோ ஆரஞ்சுத் தூளோ இருந்தாலும் வேண்டாம். தொட்டியில் விற்கும் ரகங்களில் இலைகள் எதிரெதிராகவோ மும்மூன்றாகவோ இருக்கும். ஒன்று மாற்றி ஒன்றாக இருந்தால் அது வேறு செடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிவந்த பூ தொங்கும் மொட்டுச் செம்பருத்தியைக்கூட இந்தப் பெயரில் தள்ளிவிட முடியும்.

இணையத்தில் வரும் விதைப் பொட்டலத்தை நம்பவே நம்பாதீர்கள். கலப்பு ரகங்களின் விதை தாய்ச்செடியைப் போல வராது. பண்ணைகளில் தண்டு நறுக்கி வைத்துத்தான் பெருக்குகிறார்கள்.

ஏற்கெனவே கையில் இருக்கிறதா? மொட்டு, பூ எல்லாவற்றையும் கிள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, செம்மண், மண்புழு உரம், பருமணல் மூன்றையும் சம அளவில் கலந்து 8 அங்குல மண்தொட்டிக்கு மாற்றுங்கள். கிழக்குத் தாழ்வாரத்தில் காலை ஒன்பது மணி வெயிலோடு சரி. அதற்குமேல் கோடை முடியும்வரை வேறு உரம் கிடையாது. வெட்டியதில் பூக்காத நுனியாக ஒரு விரல் நீளம் எடுத்து, ஈர மணலில் நட்டு, நல்ல நிழலில் வைத்துப் பாருங்கள். ஏலகிரியில் உறவினர் இருந்தால் அங்கே அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் பிழைக்க வாய்ப்பு அதிகம்.