பூங்காவில் பழங்காசு தேட கேரட் ஏஸ் 300 போதுமா?

அமெரிக்காவில் 1964 வரை அச்சான டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் காசுகள் மூன்றிலும் 90 சதவீதம் வெள்ளி. பழைய ஊர்ப் பூங்காக்களின் புல்லுக்கு அடியில் அவை இன்னும் அகப்படுகின்றன. அவற்றைத் தேடி முதல் மெட்டல் டிடெக்டர் (மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி) வாங்குகிறவர்களுக்கு கேரட் நிறுவனத்தின் ஏஸ் 300 போதும். கையில் இன்னும் பணம் இருந்தால் பெரிய மாடலுக்குத் தாவாமல் ஒரு பின்பாயிண்டரும் (குழிக்குள் காசின் இடத்தைக் காட்டும் சின்னக் கைக்கருவி) பல் வைத்த தோண்டு கத்தியும் வாங்குங்கள். பூங்காவில் ஆழம் இரண்டாம்பட்சம். சின்னக் குழியில் காசை எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே தொடர்ந்து இடம்.

ஏஸ் 300க்கு நான்கு ஏஏ பேட்டரி, சுமார் 1.3 கிலோ எடை, 8 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண், தண்டின் அடியில் உலோகத்தை உணரும் 7க்கு 10 இன்ச் நீள்வட்டக் காயில். காயில் நனையலாம், கண்ட்ரோல் பாக்ஸ் நனையக் கூடாது. காயில் வயரைத் தண்டோடு இறுக்கிச் சுற்றுங்கள். தொளதொளவென்று ஆடினால் அதுவே பொய்ச்சத்தம் எழுப்பும்.

இந்தக் கருவியின் பலம், அடியில் இருப்பது என்ன உலோகம் என்று ஊகிக்கத் திரையில் வரும் 0 முதல் 99 வரையிலான எண். நிக்கல் (5 சென்ட் காசு) 50ஐ ஒட்டி நிற்கும். வெள்ளி டைமும் குவார்ட்டரும் 80க்கு மேலே போகும். சிக்கல் நடுவில்தான். பழைய பானக் கேன்களின் இழுப்பு வளையம் நிக்கலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 'நாணயம்' முறையில் வைத்தால் அந்த வளையங்களில் பெரும்பகுதி ஒதுங்கிவிடும். ஆனால் தங்க மோதிரமும் அதே எண்களில் வருவதால் அதுவும் கூடவே ஒதுங்கும். வெள்ளிக் காசு மட்டும் குறி என்றால் இந்த இழப்பு பரவாயில்லை.

துருப்பிடித்த சோடா மூடியும் வளைந்த ஆணியும் உயர்ந்த எண் காட்டி ஏமாற்றும். காயிலைத் தரைக்கு மேலே இடம் வலமாக ஒருமுறை வீசிவிட்டு, 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். இரு திசையிலும் எண் அசையாமல் நின்றால் தோண்டலாம். ஒரு பக்கம் மட்டும் கணீரென்று ஒலித்து மறுபக்கம் கரகரத்தால் பெரும்பாலும் இரும்பு. 1982க்குப் பிந்தைய துத்தநாகப் பென்னி (1 சென்ட் காசு) மண்ணில் அரித்துப்போவதால் அதன் எண் நிலையாக இருக்காது.

மின்கம்பிக்கு அடியில் கருவி ஓயாமல் சலசலக்கும். உணர்திறன் 8 படிகள். இரண்டு படி இறக்கினால் பெரும்பாலும் அடங்கும். மண்ணிலுள்ள தாதுக்கள் எழுப்பும் சத்தத்தை அடக்கும் கிரவுண்ட் பேலன்ஸை மண்ணுக்கேற்ப மாற்றும் வசதி இதில் இல்லை. சாதாரணப் பூங்கா மண்ணில் அது குறையே இல்லை. உப்பு நனைந்த கடற்கரைக்கு இதை எடுத்துப் போகாதீர்கள். காசளவுப் பொருளுக்கு 6 இன்ச் வரை நம்பலாம்.

இனி குழி. டிடெக்டரில் உள்ள பின்பாயிண்ட் பட்டனை அழுத்தியபடி காயிலைக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தினால் நடுப்புள்ளி பிடிபடும். அதைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் 3, 4 இன்ச் ஆழம் வெட்டி, ஒரு பக்கத்தை வெட்டாமல் விடுங்கள். புல் வேரோடு கதவுபோல் திறக்கும். ஆழம் குறைந்தால் மண் வேரிலிருந்து உதிர்ந்து, இரண்டு நாளில் அந்த வட்டம் பழுத்துவிடும். மண்ணைத் துணியில் கொட்டுங்கள், புல்லில் கொட்டினால் திரும்ப அள்ள முடியாது. காசு வந்தபிறகும் குழிக்குமேல் ஒருமுறை வீசுங்கள், இரண்டாவது காசு இருக்கலாம். பிறகு மண், மேலே புல், காலால் அழுத்தி, பாட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் தரை வெடித்துக் கிடக்கும்போது வெட்டவே வேண்டாம்.

பின்பாயிண்டராக அதே கேரட்டின் ப்ரோ-பாயிண்டர் ஏடி நல்ல தேர்வு: 9 வோல்ட் பேட்டரி, 20 அடி வரை தண்ணீர் தாங்கும், புல்லில் தொலையாத ஆரஞ்சு நிறம்.

அனுமதி ஊருக்கு ஊர் மாறும். நகரப் பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். தேசியப் பூங்காக்களில் டிடெக்டரோடு நடப்பதே குற்றம். இந்தியாவுக்கு எடுத்துப் போக நினைப்பவர்கள் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை முதலில் படியுங்கள்.

குழியிலிருந்து வந்த காசைக் கட்டைவிரலால் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் வெள்ளியைக் கீறிவிடும், கீறல் விழுந்தால் விலை போச்சு. வெறும் தண்ணீரில் அலசி, விளிம்பைப் பாருங்கள்: டைம் அல்லது குவார்ட்டரில் செம்புக் கோடு தெரியாமல் முழுக்க வெளுப்பாக இருந்தால் அது வெள்ளி.