ஒன்பது ஆண்டுகள், 1,60,000 கிலோமீட்டர்: எங்கள் வீட்டு கமடோர்

அடிலெய்டிலிருந்து மெல்போர்னுக்கு ஏறக்குறைய 730 கிலோமீட்டர். ஆண்டுக்கு நான்கைந்து முறை குடும்பத்தோடு அந்தச் சாலையில் போய்வருகிறேன். 2016இல் புதிதாக வாங்கிய, ஆஸ்திரேலிய நிறுவனமான ஹோல்டனின் விஎஃப் தலைமுறை கமடோர் காரை விற்க எனக்கு மனம் வராததற்கு அந்தப் பயணங்களே காரணம். எங்களுடையது எஸ்வி6 செடான், 3.6 லிட்டர் வி6 எஞ்சின், 210 கிலோவாட், ஆறு கியர் ஆட்டோமேட்டிக்.

பின் இருக்கையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மூவரும் தோள் இடிபடாமல் உட்காரலாம். எஞ்சின் முன்னால், அது சுழற்றும் சக்கரங்கள் பின்னால். அதனால் தரையின் நடுவே ஒரு மேடு ஓடுகிறது. நடுவில் இருப்பவர் அதன் இருபுறமும் காலைப் போட்டுக்கொள்ள வேண்டும். அது கடைக்குட்டியின் இடம். பார்டர்டவுன் வருவதற்குள் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கியிருப்பார்கள்.

மணிக்கு 110 கிலோமீட்டரில் எஞ்சின் அடங்கிய குரலில் ஓடுகிறது. தார் பெயர்ந்த கிராமச் சாலையில் இறங்கினால்தான் இந்தக் காரின் அருமை தெரியும். பள்ளத்தை ஒரே அமுக்கில் வாங்கிக்கொண்டு உடனே நிலைக்கு வந்துவிடும். அதன்பின் ஊஞ்சலாட்டம் கிடையாது. இந்த நாட்டுச் சாலைகளிலேயே ஓட்டி ஓட்டிப் பதம் பார்த்த சஸ்பென்ஷன் அல்லவா! விஎஃப்பில் வந்த மின்சார ஸ்டியரிங், கார் நிறுத்துமிடத்தில் இலகுவாகத் திரும்புகிறது. வேகமெடுத்ததும் கைக்கு இறுக்கம் தருகிறது.

நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைக்கிறது. நகருக்குள் எட்டுதான். இவ்வளவு பெரிய காருக்கு அது நியாயம் என்பதே என் கணக்கு. ஜனவரி வெயில் 42 டிகிரியைத் தொடும் நாட்களில், சாவியிலிருந்தே எஞ்சினைக் கிளப்பி ஏசியை ஓடவிடும் வசதிக்கு என் மனைவி தனி மதிப்பெண் தருகிறார். பானட் அலுமினியம். ஆயில் பார்க்க ஒரு கையால் தூக்கிவிடுகிறேன்.

இந்தக் காரைச் செய்த எலிசபெத் தொழிற்சாலை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். 2017 அக்டோபர் 20 அன்று அங்கே கடைசி கமடோர் வெளியே வந்தது. 1948இல் தொடங்கிய ஹோல்டன் கார் உற்பத்தி அன்றோடு முடிந்தது. 2020இல் ஹோல்டன் என்ற பெயரையே அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கைவிடுவதாக அறிவித்தபோது, "இனி உதிரிபாகம் கிடைக்காது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்று ஒரு பட்டறைக்காரர் என்னைப் பயமுறுத்தினார். குறைந்தது பத்தாண்டுகளுக்கு உதிரிபாகமும் சர்வீசும் உண்டு என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். இன்றுவரை எதற்கும் நான் அலைந்ததில்லை, பட்டறையைத்தான் மாற்றிவிட்டேன்.

சென்ற மாதம் பிரேக் பேடுகளும் நான்கு டயர்களும் புதிதாகப் போட்டாயிற்று. ஜூலை விடுமுறைக்கு புரோக்கன் ஹில் போகிறோம். ஜன்னலோரம் யாருக்கு என்ற சண்டை இப்போதே தொடங்கிவிட்டது.